கால்வாய், கம்பி, குழாய்

மீஞ்சூருக்குப் போக மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் ரயில் ஏற வேண்டும். சென்ட்ரலை ஒட்டியிருக்கும் இந்தப் புறநகர் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அதற்கும் முன்னால் இங்கே பீப்பிள்ஸ் பார்க் என்றொரு பூங்கா இருந்தது. 1859இல் சென்னைக்கு கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் தொடங்கிவைத்தது. நகரத்து ஜனங்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்த இந்த மனிதர்தான், அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு நிவாரணம் அளந்தவர். சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்பது அவருடைய வேதம். அங்கே பத்து லட்சம் பேர் செத்தார்கள். தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன.

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை வேளையில் வடக்கே போகிறவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள். தோளில் டிபன் பை, காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ், கழுத்தில் நாடா கட்டிய அடையாள அட்டை. அட்டையில் இருப்பது துறைமுகத்தின் பெயரோ மின்நிலையத்தின் பெயரோ இல்லை, ஆள் அனுப்புகிற ஏஜென்சியின் பெயர். பாதிப் பேர் இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடத்தில் வடக்கே போவது ஆட்கள் மட்டும்தான். உப்பு, தண்ணீர், மின்சாரம் என்று மற்றதெல்லாம் இருநூறு வருஷமாகத் தெற்கே வந்துகொண்டிருக்கிறது. அது வரும் வழியை எதிர்த்திசையில் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். விம்கோ நகரோடு மெட்ரோ முடிந்துவிடுகிறது. தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் சுருக்கப் பெயரே ஊர்ப் பெயராகிப்போன இடம். அதற்கு வடக்கே நகரத்தின் வசதிகள் ஒவ்வொன்றாக நின்றுகொள்ள, உயர் அழுத்தக் கோபுரங்கள் ஆரம்பமாகின்றன. எண்ணூர் தாண்டியதும் ரயில் பாலத்துக்கு வருகிறது. கீழே கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கப் போகும் அகலமான கழிமுகம். ஒரு காலத்தில் வெள்ளைக்கார துரைமார்கள் பங்களா கட்டிக்கொண்டு ஓய்வுக்கு வந்த இடம் இது. இப்போது தண்ணீருக்குள்ளேயே கோபுரங்கள் நிற்கின்றன. அலையாத்தி மரங்கள் அங்கங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன. மேற்குப் பக்கம் பக்கிங்காம் கால்வாய் வந்து சேர்கிறது.

அந்தக் கால்வாய்தான் முதல் வழி. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. மறு ஆண்டே பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டத் தொடங்கினார். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து படகில் ஏற்றினால் உப்பு நேராக நகரத்துக்குப் போய்விடும். விறகும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் அதே வழியில் போயின. பாத்தி கட்டி, மடை திறந்து, வெயிலில் உப்பு வாரியவர்களுக்கு அதை விற்கிற உரிமை கிடையாது. அரசு சொல்லும் விலைக்கு அரசிடமே அளந்து கொடுக்க வேண்டும். தன் வீட்டுக் கஞ்சிக்கு வேண்டிய உப்பைக் கடையில் வரியோடு சேர்த்து வாங்க வேண்டும். 1837இல் அரசாங்கம் கால்வாயைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வடக்கே பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீட்டியது.

பக்கிங்காம் என்ற பெயர் பஞ்ச காலத்தில் வந்தது. 1876இல் இரண்டு பருவமழைகளும் பொய்த்தபோது சென்னை கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. செங்கல்பட்டு, வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் நகரத்தை நோக்கி நடந்து வந்தார்கள். ராயபுரத்தில் ஹைதர் அலி படையெடுப்புக் காலத்துப் பஞ்சத்தின்போது, 1782இல் தோன்றிய கஞ்சித் தொட்டி ஒன்று ஏற்கனவே இருந்தது. அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றும் வடசென்னைப் பெரியவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். நூறு வருஷம் கழித்து மறுபடியும் அதே வாசலில் கூட்டம். சும்மா கஞ்சி ஊற்றக் கூடாது, வேலை வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் நீளத்தை 1877-78இல் அப்படித்தான் வெட்டினார்கள். அந்த வேலை முடிந்தபோது மொத்தக் கால்வாய்க்கும் கவர்னரின் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் யாருடைய பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடியும் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஆட்களுக்குக் கொடுத்த கூலியைப் பற்றி நின்று பேச வேண்டும். 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். அதே மாதம் பஞ்சச் செலவைக் குறைக்கச் சொல்லி சென்னைக்கு அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் கல்நெஞ்சக்காரர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது, அதுதான் கஷ்டம். மூன்று வருஷம் முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்தார். அங்கே பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று லண்டனில் வசவு. பாடம் கற்றுக்கொண்ட மனிதராக சென்னைக்கு வந்தார். முகாமில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு 450 கிராம் தானியம், ஓர் அணா காசு, பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு என்று விகிதம் போட்டார்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டர் இதை எதிர்த்து எழுதினார். மண் வெட்டுகிற உடம்புக்குக் குறைந்தது 680 கிராம் தானியமும் கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். எழுதிக்கொண்டே இருந்தார். மார்ச் மாதம் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்து 570 கிராமும் கொஞ்சம் பருப்பும் என்று மாற்றியது. அந்த இரண்டு ஆண்டுகளில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும், குறைத்துச் சொல்பவர்களின் கணக்கே 55 லட்சம் சாவு. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை 3,20,000 டன். ரயில் இருந்தது, தந்தி இருந்தது, கால்வாய் இருந்தது. எல்லாமே விலை எங்கே அதிகமோ அங்கே தானியத்தைக் கொண்டு சேர்த்தன. பஞ்சத்தின் சூடு ஆறும் முன்பே சென்னையில் உப்பு வரியையும் ஏற்றினார்கள்: மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணா ஆனது.

அத்திப்பட்டு புதுநகரில் பெட்டி பாதி காலியாகிவிட்டது. பூட்ஸ்காரர்கள் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், அப்புறம் மீஞ்சூர்.

மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்றொரு பெயர் உண்டு. ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் இங்கேயும் இருக்கிறார்கள். சென்னைவாசிகளுக்கு இந்த ஊரைத் தெரிந்திருப்பது கோயிலால் இல்லை. ஒன்று, வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் பச்சைப் பலகைகள். இன்னொன்று, மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் நிலையம். சாலை ஊரைத் தொட்டும் தொடாமலும் முடிகிறது. குடிநீர் நிலையம் இருப்பதோ கிழக்கே கடலோரத்துக் காட்டுப்பள்ளியில். பஜார் வீதியில் நான் டீ குடித்த கடையின் ஓரத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கடைக்காரரிடம் குழாய்த் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "வரும் சார். குளிக்க, துணி துவைக்க ஆவும்" என்றார்.

இந்தக் கேன் அடுக்குக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆரணி ஆறும் கொசஸ்தலையும் பல்லாயிரம் வருஷமாகக் கொண்டுவந்து போட்ட மணல் இந்த வட்டாரத்தின் அடியில் கிடக்கிறது. நல்ல தண்ணீர் ஊறிய மணல். 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்களில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அப்போதுதான் எழும்பின. தண்ணீர் அங்கே போயிற்று, நகரத்துக்கும் போயிற்று. விவசாயிகளும் மோட்டார் வைத்து இறைத்தார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நன்னீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் வந்தது. கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புக் கரித்தன. கரிப்பு கிலோமீட்டர் கணக்கில் மேற்கே நகர்ந்த பிறகு, 1987இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கடல்நீரை உள்ளே இழுத்து, உப்பு செறிந்த மிச்சத்தைத் திரும்பக் கடலில் விடுகிறது. கிடைக்கிற நல்ல தண்ணீர் குழாயில் தெற்கே போகிறது, வடசென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும். மண்ணுக்கடியில் இருந்த நன்னீரை எடுத்தோம், கடல் உள்ளே வந்தது, இப்போது கடலையே எடுக்கிறோம். மூன்று கட்டத்திலும் குழாயின் வாய் ஒரே பக்கம்தான் பார்த்திருக்கிறது.

இதையெல்லாம் ஆங்கிலேயன் செய்த அநியாயம், பிறகு வந்த தனியார் முதலாளிகள் செய்த அநியாயம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். இந்த ஊர் அதற்கு இடம் கொடுக்காது. பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. மிராசுதார்களுக்கு வயல் மட்டுமல்ல, தரிசும் சொந்தம், சேரியில் குடிசை நின்ற மண்ணும் சொந்தம். கூலி போதாது என்று வாய் திறந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பஞ்சத்தில் முதலில் செத்தது இந்த நிலமில்லாத ஜனங்கள்தான். தப்பித்தவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்கும் கடல் தாண்டிய கரும்புக் காடுகளுக்கும் கப்பலேறினார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில், அவர்களுக்கு நிலமும் குடியிருப்பு மனையும் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அதையொட்டித்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலத்தில் பெரும்பங்கு பின்னால் கைமாறிப் போனது. வாங்கியவர்கள் லண்டனிலிருந்து வரவில்லை.

பஜாரிலிருந்து ஆட்டோ பிடித்து செப்பாக்கம் போனேன். ரயில்வே கேட்டில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. நிலக்கரி வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு, "இது ஊருக்கு உண்டான கேட் சார். ஆம்புலன்ஸும் இங்கதான் நிக்கணும்" என்றார்.

செப்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம். குளம் என்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் வயல். நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாயில் இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். தண்ணீர் வடிந்தால் சாம்பல் தங்கும். குழாய்கள் துருப்பிடித்து வழியெல்லாம் ஒழுகியதில் கொசஸ்தலையில் கொட்டிய சாம்பல் ஆற்றின் ஆழத்தையே குறைத்துவிட்டது. வழக்குகள் நடந்தன, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2017இல் நடிகர் கமல்ஹாசன் வந்து பார்த்துவிட்டுப் போனபோது ஒரு வாரம் தொலைக்காட்சியில் ஓடியது. ஊருக்குள் ஒரு வீட்டுத் திண்ணையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன், கோடு விழுந்தது. அந்த வீட்டு அம்மா சிரித்தார். "காலையிலதான் தொடச்சேன் கண்ணு. மேக்கால காத்து அடிச்சா பரவாயில்ல. இல்லாட்டி சோத்துத் தட்ட மூடி வெச்சித்தான் துன்னணும்." வேறு இடம் கொடுத்தால் போய்விடுகிறோம் என்று ஊர்க்காரர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வடசென்னை மின்நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், 1990களின் நடுவில் வந்தது. அப்புறம் 1,200 மெகாவாட்டில் இரண்டாம் கட்டம். பக்கத்திலேயே வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் இன்னொரு 800. 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது, அந்தக் கணக்கு தனி. இத்தனைக்கும் வேண்டிய நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறந்ததே முக்கியமாக இதற்காகத்தான். 2014இல் அதற்குக் காமராஜர் பெயர் வைத்தார்கள். மாநில அரசின் பூம்புகார் கப்பல் கழகத்தில் பல ஆண்டுகள் இந்தக் கரியைச் சுமந்த மூன்று கப்பல்களின் பெயர்கள்: தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தப் பெயர்களுக்கு அர்த்தம் இருந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு என்று திட்டம் போட்டு, பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுத்து, கடைக்கோடி காலனி வரைக்கும் கம்பி இழுத்த மாநிலம் இது. தருமபுரியில் ஒரு பெண் மண்ணெண்ணெய் விளக்கில்லாமல் பத்தாம் வகுப்புப் படித்ததற்கு இங்கே எரிந்த கரியும் காரணம்.

1877இல் தானியம் போய்ச் சேர்ந்த இடம் கடல் வழியில் ஏழாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. கோபப்பட வசதியான தூரம். இன்றைக்கு அத்திப்பட்டிலிருந்து கிளம்பும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் அது என் வீட்டு மீட்டர் பெட்டியில் வந்து முடிகிறது. கம்பெனிக்கும் ராணிக்கும் நமக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டுப் போடுகிற நாட்டில் லட்சக்கணக்கில் ஜனங்களைப் பட்டினி போட்டுக் கொல்ல முடியாது. ஆனால் எல்லாருக்கும் நன்மை என்று ஒன்று வரும்போது அதன் சாம்பல் எந்த ஊர்த் தட்டில் விழும் என்பதைத் தீர்மானிக்கிற வழக்கம் மட்டும் மாறவில்லை. நிலம் மலிவாக இருக்கும் இடம், பட்டா இல்லாத இடம், கேள்வி கேட்டால் கோட்டைக்குக் கேட்காத இடம். தால்சேரிலும் இதே கதை. நாம் அங்கே இறங்கிப் பார்ப்பதில்லை.

காட்டுப்பள்ளிக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. கால்வாயையும் ஆற்றையும் தாண்டினால் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் வடக்கே பழவேற்காடு வரை போகும் மணல்திட்டு. இங்கே எல் அண்ட் டி கட்டிய துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரை 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்க ஒரு திட்டம் போட்டார்கள். துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பம் கரையிலிருந்து உள்ளே இடம்பெயர்ந்தது. வீட்டுக்கொரு வேலை என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் வேலை நிரந்தரம் கேட்டுப் போராடிய செய்திகள் அவ்வப்போது பத்திரிகையில் வந்திருக்கின்றன.

நான் பேசிக்கொண்டிருந்த பெரியவர் கட்டுமரக் காலத்து ஆள். வலைக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், அதை ஜனங்கள் பக்கெட்டில் அள்ளியதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்ததும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடியதும் எல்லாம் அவருக்கு வரிசையாக ஞாபகம் இருந்தது. திருவிழாத் தேதி சொல்வது போலச் சொன்னார்.

உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்ததால் கரைக்கு வந்த பிறகுதான் பேச முடிந்தது. பறியில் ஒரு கை அளவு இறால். எண்ணெய் வந்தபோது நிவாரணம் கிடைத்ததா என்று கேட்டேன். "எங்களாண்ட படகு இல்ல, சங்கத்து அட்டை இல்ல. கையில பிடிக்கிறவங்கள எதுல எழுதுவாங்க?" என்றார் மூத்தவர். வலைக் கொட்டகைப் பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அவர் பட்டினவர், சங்கத்தில் பெயர் இருக்கிறவர். குப்பத்துக்குள்ளேயும் மேல்படி கீழ்படி இருக்கிறது. நஷ்ட ஈடு என்று வந்தால் அந்தப் படிகளின் வழியாகத்தான் இறங்கும், கீழே வருவதற்குள் தீர்ந்துவிடும்.

கொட்டகைக்கு ஓர் இளைஞர் வந்தார். பட்டப்படிப்பு முடித்தவர், துறைமுகத்தில் காண்ட்ராக்டில் இருந்துவிட்டு விலகியவர். செல்போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடம். அதில் எண்ணூர்க் கழிமுகம் முழுசாக, எதுவும் கட்டக் கூடாத பகுதியாக இருக்கிறது. பின்னாளில் மாநில அதிகாரிகள் பயன்படுத்திய இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுத்தான் 2017 வாக்கில் இந்த வித்தியாசம் வெளியே வந்தது. டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' படமாக்கப்பட்டதும் இந்தச் சேற்றில்தான், வெளிவந்தது அதே ஆண்டு. இளைஞர் விரலால் படத்தைப் பெரிதாக்கி, "இந்த மடக்குல எங்க தாத்தா வலை கட்டுவாரு" என்று ஓரிடத்தைக் காட்டினார். தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது மதில் சுவர்.

துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்பை 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். மறுபடி 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. எதிர்ப்புக்குக் கிடைத்த பலன் என்று குப்பத்தில் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கால்வாய் வெட்டிய காலத்தில் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க ஒரு கூட்டமே கிடையாது.

பேச்சுவாக்கில் அவர்களுக்கு டெம்பிள் கூலிக் கதையைச் சொன்னேன். பெரியவருக்கு பக்கிங்காம் யாரென்று இப்போதுதான் தெரிந்தது; இத்தனை நாள் அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்திருந்தாராம். இளைஞருக்கு கார்னிஷ்மேல்தான் கவனம்.

"அந்த டாக்டர் எவ்வளவு கேட்டார்ன்னு சொன்னீங்க?"

"680 கிராம்."

"கெடச்சது?"

"570."

"பருப்பும் சேத்து வாங்கிட்டாரு இல்ல?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் எப்படி எழுதினாரு? ஜனங்க பாவம்ன்னா, இல்ல கணக்கா?"

கணக்காகத்தான் எழுதினார், இத்தனை வேலைக்கு இத்தனை சாப்பாடு என்று, என்றேன்.

அவர் எழுந்து போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். அடுத்த கருத்துக்கேட்பு எப்போது அறிவித்தாலும் கொடுப்பதற்காகக் குப்பத்தில் எழுதிக்கொண்டிருக்கும் மனு. முதல் இரண்டு பக்கம் முழுக்க வாழ்வாதாரம், பாரம்பரியம், கண்ணீர். "இத எடுத்துடலாமா சார்?" என்று கேட்டார். அது இருக்கட்டும், பின்னால் போகட்டும் என்றேன். பெரியவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: எந்த மாதம் எந்த மீன், எந்த மடையில், ஒரு வலைக்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. மடவை, கிழங்கான், கொடுவா, பச்சை நண்டு. வெள்ளை இறாலுக்கு வந்தபோது பெரியவர் நிறுத்திவிட்டு, கரையில் பறியைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, கையால் பிடிக்கிற கணக்கு அவளுக்குத்தான் தெரியும், அதை அவளிடம் கேட்டு எழுது என்றார்.